தலைப்பில் ஒருவன், கதையில் இன்னொருவன்: ‘அமேடியஸ்’ திரைக்கதை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஓர் இசையமைப்பாளரின் ஒரு நாளை அப்படியே படம்பிடித்தால் என்ன கிடைக்கும்? காலையில் மேசைமுன் உட்காருகிறார். தாளில் புள்ளி வைக்கிறார், அடிக்கிறார், மறுபடியும் வைக்கிறார். காபி ஆறிப்போகிறது. மாலையில் கடன்காரர் கதவைத் தட்டுகிறார். இரவு மறுபடியும் அதே மேசை. பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் இதைப் பார்க்க மாட்டார்கள். இசைக்கலைஞரின் வாழ்க்கையைத் திரைக்கதையாக்க வருகிற எவரும் முதலில் முட்டிக்கொள்கிற சுவர் இது. வேலை முழுவதும் தலைக்குள் நடக்கிறது, அங்கே காமிராவை வைக்க முடியாது.

ஆகவே பெரும்பாலோர் பழகிய தடத்தில் ஏறிக்கொள்கிறார்கள். வறிய இளமை, அப்பாவின் கண்டிப்பு, ஒரே இரவில் புகழ், குடி, பிரிந்து போகும் மனைவி, சரிவு, கடைசியில் மேடைக்குத் திரும்புகிற ஒரு பெரிய இரவு. ஆளையும் வாத்தியத்தையும் மாற்றிவிட்டால் அதே சட்டை அடுத்தவருக்கும் பொருந்தும். எழுச்சியும் வீழ்ச்சியும் மீட்சியும் வரிசையாக வந்துவிடும். அந்த மனிதரின் இசை மற்றவர்களுடையதிலிருந்து எப்படி வேறுபட்டது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

1984இல் மிலோஷ் ஃபோர்மன் இயக்கி வெளிவந்த ‘அமேடியஸ்’ இந்தத் தடத்தில் கால் வைக்கவே இல்லை. மொசார்ட்டைப் பற்றிய படம் என்று சொல்லி டிக்கெட் விற்றார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் 160 நிமிடங்களும் கதையை நடத்துபவர் வேறொருவர். இந்த ஒரு முடிவு படத்துக்கு எதையெல்லாம் சம்பாதித்துக் கொடுத்தது, அதற்காக எதையெல்லாம் விற்க நேர்ந்தது என்பதுதான் என் விசாரணை.

படம் வந்த வழி

மொசார்ட் காலத்து வியன்னா அரண்மனை இசையமைப்பாளர் சாலியேரி, மொசார்ட்டுக்கு விஷம் வைத்தார் என்ற வதந்தி 1820களிலேயே அந்த நகரத்தில் உலவியது. அதை எடுத்து 1830இல் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் ஒரு சிறிய நாடகம் எழுதினார். 1897இல் ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் அந்த நாடகத்தையே ஆப்பராவாக்கினார், அதாவது பாட்டாலேயே நடக்கும் இசை நாடகமாக்கினார். படத்துக்கு மூலமான, ஆங்கில நாடகாசிரியர் பீட்டர் ஷாஃபரின் மேடை நாடகம் 1979இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறியபோது சாலியேரியாக பால் ஸ்கோஃபீல்டும் மொசார்ட்டாக சைமன் காலோவும் நடித்தார்கள். அதே காலோ படத்தில் மொசார்ட்டின் ‘மாயக் குழல்’ ஆப்பராவின் கதையை எழுதிய ஷிகானெடராக வருகிறார்.

திரைக்கதையை ஷாஃபரே எழுதினார், ஃபோர்மன் பக்கத்தில் உட்கார்ந்து நாடகத்தைக் கலைத்துப் போட்டார். மேடையில் சாலியேரி பார்வையாளர்களை நேரே பார்த்துப் பேசுவார். திரையில் அப்படிப் பேசவிட்டால் எடுபடாது என்பதால் அவர்முன் ஒரு இளம் பாதிரியாரை உட்கார வைத்தார்கள். எளிய மாற்றம்தான். ஆனால் நாடகத்தின் தன்னுரை இதனால் பாவமன்னிப்பு வாக்குமூலமாக மாறியது. பாவமன்னிப்பு என்றால் கேட்பவருக்கும் ஒரு கடமை வந்துவிடுகிறது: மன்னிக்க வேண்டும், அல்லது மன்னிக்க முடியாமல் திணற வேண்டும். இந்தப் பாதிரியார் திணறுகிறார்.

படப்பிடிப்பின் பெரும்பகுதி பிராகில் நடந்தது. ஃபோர்மன் 1968க்குப் பிறகு விட்டு வந்த நாடு, கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியா. மொசார்ட்டின் ‘டான் ஜொவான்னி’ 1787 அக்டோபர் 29இல் முதன்முதலாக அரங்கேறிய அதே பழைய அரங்கில் அந்த ஆப்பராவின் காட்சிகளை எடுத்தார்கள். இசைப் பொறுப்பு இசைக்குழு நடத்துநர் நெவில் மாரினருக்கு. மொசார்ட்டின் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. வரலாற்றில் கைவைக்கத் தயங்காத ஒரு படம் இசையில் மட்டும் கை வைக்கவில்லை.

கதை யாருடையது

1985 ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகருக்கான பட்டியலில் இந்தப் படத்திலிருந்து இருவர் இருந்தார்கள். ஒருவர் மொசார்ட்டாக நடித்த டாம் ஹல்ஸ், மற்றவர் சாலியேரியாக நடித்த எஃப். முர்ரே ஆபிரகாம். இருவரும் நாயகர் என்றே பரிந்துரைக்கப்பட்டிருந்தார்கள், பரிசு ஆபிரகாமுக்குப் போனது. படம் வென்ற எட்டு ஆஸ்கர்களில் அதுவும் ஒன்று. தலைப்புக்கு உரியவர் தோற்க, தலைப்பில் இல்லாதவர் ஜெயித்தார். திரைக்கதையைக் கவனித்தவர்களுக்கு இதில் வியப்பு இருந்திருக்காது.

ஏனென்றால் ஒரு கதையின் நாயகனிடம் நாம் தேடுகிற எல்லாமே சாலியேரியிடம்தான் இருக்கிறது. அவருக்கு ஓர் ஆசை உண்டு, தடையும் உண்டு. முடிவு எடுப்பவர் அவர், அதன் பலனை அனுபவிப்பவரும் அவர்தான். மொசார்ட்டுக்கு இதில் எதுவுமே இல்லை. இந்தப் படத்து மொசார்ட் மாறுவதில்லை. முதல் காட்சியில் தரையில் உருண்டு சிரிக்கும்போதே அவரிடம் எல்லாம் நிறைந்திருக்கிறது. சாகும் வரை அது குறையவும் இல்லை, கூடவும் இல்லை. உடம்பும் பணமும்தான் கரைகின்றன. வளர்ச்சியே இல்லாத பாத்திரத்தை வைத்து இரண்டே முக்கால் மணி நேரம் கதை ஓட்ட முடியாது. மழையை நாயகனாக்கிக் கதை எழுத முடியுமா? மழைக்காகக் காத்திருக்கும் உழவனை வைத்து எழுதலாம்.

சாலியேரியின் கதை ஓர் ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. லெஞ்ஞாகோ என்ற ஊரில் சிறுவனாக இருந்தபோது கடவுளிடம் பேரம் பேசுகிறார்: என்னை மகத்தான இசையமைப்பாளன் ஆக்கு, பதிலுக்கு என் உழைப்பு, பணிவு, பிரம்மச்சரியம் எல்லாம் உனக்கு. இசையை வெறுக்கும் வணிகரான அப்பா சாப்பாட்டு மேசையில் மீன் முள் தொண்டையில் சிக்கிச் செத்துப்போகிறார். பையன் அதைக் கடவுளின் கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறான். படத்தின் மிக இருண்ட நகைச்சுவை இது. அதே நேரத்தில் கதையின் முதல் முடிச்சும் இதுதான். ஒப்பந்தம் போட்டாயிற்று, ஒரு தரப்பு கையெழுத்தும் போட்டுவிட்டது என்று ஒருவன் நம்பிவிட்டான்.

‘அமேடியஸ்’ என்ற சொல்லுக்கு லத்தீனில் கடவுளுக்குப் பிரியமானவன் என்று பொருள். மொசார்ட் பெரும்பாலும் ‘அமடே’ என்றே கையெழுத்திட்டார். லத்தீன் வடிவத்தைத் தலைப்பாக்கியது ஷாஃபரின் சாமர்த்தியம். கடவுளுக்குப் பிரியமானவன் ஒருவன் என்றால், பிரியமில்லாதவன் யார் என்ற கேள்வி தலைப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

நம் பக்கம் நிந்தாஸ்துதி, அதாவது இறைவனை ஏசியே துதிப்பது, என்று ஒரு மரபு உண்டு. வாக்கு மீறியதற்காகக் கண்பார்வை பறிபோன சுந்தரர், திருவாரூர்க் கோயிலில் நின்று இறைவனிடம் சண்டை பிடித்துப் பாடியதைத் தேவாரம் படித்தவர்கள் அறிவார்கள். உறவு இருந்தால்தான் அந்தக் கோபம் வரும். சாலியேரியின் கோபமும் அதே இனத்தைச் சேர்ந்தது. ஆனால் சுந்தரருக்குப் பார்வை திரும்பியது. சாலியேரிக்கு வந்த பதில் பக்கத்து அறையிலிருந்து கேட்ட ஓர் இளைஞனின் கிறீச்சிட்ட சிரிப்பு. அவர் சிலுவையைச் சுவரிலிருந்து எடுத்து நெருப்பில் போடுகிற காட்சி, படம் ஏறக்குறைய நடுவை எட்டும்போது வருகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இடைவேளைக் காட்சி. அதுவரை பொறாமை, அதற்குப் பிறகு போர். போர் மொசார்ட்டுடன் அல்ல என்பதை அவரே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். மொசார்ட் வெறும் போர்க்களம். இந்த இடத்தில் படம் வாழ்க்கை வரலாறு என்ற வகையிலிருந்து நழுவி, கடவுளோடு வழக்காடும் கதையாகிவிடுகிறது.

கேட்பவன் வழியாக இசை

முதலில் சொன்ன சுவருக்கு வருகிறேன். தலைக்குள் நடக்கிற வேலையை எப்படிக் காட்டுவது? ஃபோர்மனும் ஷாஃபரும் கண்டுபிடித்த வழி: இசையமைப்பவனைக் காட்டாதே, கேட்பவனைக் காட்டு. கேட்பவனும் சாதாரண ரசிகனாக இருக்கக் கூடாது. எழுதத் தெரிந்தவனாகவும், தான் எழுதுவது போதாது என்று தெரிந்தவனாகவும் இருக்க வேண்டும். அவன் முகமே நமக்கு உரை.

இதற்கான அடித்தளம் படம் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் போடப்படுகிறது. 1823, வியன்னா. கழுத்தை அறுத்துக்கொண்டு காப்பாற்றப்பட்ட கிழவர் சாலியேரி மனநோய் விடுதியில் இருக்கிறார். பாதிரியார் வருகிறார். உங்களுக்கு இசை தெரியுமா என்று கிழவர் கேட்டுவிட்டுப் பியானோவில் ஒரு மெட்டு வாசிக்கிறார். பாதிரியாருக்குத் தெரியவில்லை. இன்னொன்று வாசிக்கிறார், அதுவும் தெரியவில்லை. மூன்றாவதாக ஒன்று. பாதிரியார் முகம் மலர்ந்து கூடவே முணுமுணுக்கிறார், இதை நீங்கள் எழுதியது என்று எனக்குத் தெரியாது என்கிறார். நான் எழுதியதில்லை, அது மொசார்ட் என்கிறார் கிழவர்.

திரைக்கதை எழுதப் பழகுகிறவர்கள் இந்தக் காட்சியைப் பத்து முறை பார்க்கலாம். கதைசொல்லியின் தொழில், அவர் ஒரு காலத்தில் எவ்வளவு பெரியவர், இன்று எப்படி மறக்கப்பட்டார், எதிராளி யார், பிரச்சினை என்ன என்று ஐந்து செய்திகள் மூன்று மெட்டுகளில் வந்துவிடுகின்றன. அதோடு நிற்கவில்லை. திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் நாமும் அந்தப் பாதிரியாரைப் போலவே முதல் இரண்டை அறியாமல் விழித்து மூன்றாவதை அடையாளம் கண்டுகொள்கிறோம். அதாவது சாலியேரியை மறந்த குற்றத்தில் நமக்கும் பங்கு என்று படம் நம்மைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறது.

அடுத்தது, சாலியேரி முதன்முதலாக மொசார்ட்டின் இசையைக் கேட்கும் இடம். அந்த அற்புத மேதையைப் பார்க்கப் போனவர், பலகாரங்கள் அடுக்கிய அறையில் மறைவாக நின்றபடி ஓர் இளைஞன் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டு ஆபாசமாகப் பேசி விளையாடுவதைப் பார்க்கிறார். பக்கத்துக் கூடத்தில் இசை ஆரம்பித்ததும் அந்த இளைஞன் பதறி எழுந்து ஓடுகிறான். அவன்தான் மொசார்ட். அந்தக் காற்றுக்கருவி செரனேடின் மூன்றாம் பகுதியைக் கிழவர் பாதிரியாருக்கு விவரிக்கிறார். ஆரம்பம் ஒன்றுமில்லை, துருப்பிடித்த துருத்தி மாதிரி ஒரு தொடர். பிறகு உயரத்தில் ஓபோ என்ற ஊதுகருவியின் ஒற்றை ஸ்வரம் அசையாமல் நிற்கிறது. அதை கிளாரினெட் என்ற இன்னொரு ஊதுகருவி வாங்கிக்கொள்கிறது. அவர் சொல்லச் சொல்ல அந்தந்தக் கருவி அந்தந்த நொடியில் நம் காதில் விழுகிறது. இசை வகுப்பில் ஒரு மாதம் எடுக்கும் பாடம் ஒன்றரை நிமிடத்தில் முடிகிறது. பாடமாகவும் தெரியவில்லை, ஏனென்றால் பாடம் நடத்துபவர் வெந்துகொண்டிருக்கிறார்.

பிறகு அந்த அணிவகுப்பு மெட்டு. மொசார்ட்டை வரவேற்க சாலியேரி பாடுபட்டு ஒரு சிறு மெட்டு எழுதுகிறார். அதை எழுதும்போது சுவரில் இருக்கும் சிலுவைக்கு நன்றிகூடச் சொல்கிறார். மொசார்ட் ஒரு முறை கேட்டதும் மனப்பாடமாக வாசிக்கிறார், இந்த இடம் சரியாக வரவில்லையே என்று மாற்றுகிறார், மாற்ற மாற்ற அது அவருடைய ‘ஃபிகாரோ’ ஆப்பராவின் புகழ்பெற்ற பாட்டாக உருமாறுகிறது. வில்லத்தனம் எதுவும் இல்லாமல் ஒரு மனிதனை அவன் பேரரசர் முன்னிலையில் இடித்துத் தள்ளுகிற காட்சி. கெட்ட எண்ணமே இல்லை என்பதால் வலி இரட்டிப்பாகிறது. கல்யாண வீட்டில் மாமியார் சமைத்த குழம்பில் புது மருமகள் வெகு இயல்பாக ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, எல்லோரும் ஆகா என்றால் எப்படி இருக்கும், அப்படி.

மொசார்ட்டின் மனைவி கான்ஸ்டான்ஸே கணவனுக்குத் தெரியாமல் இசைத்தாள்களைக் கொண்டுவந்து காட்டும் காட்சியும் இதே வகை. நகல்கள் இல்லை, எல்லாம் மூலம் என்கிறாள். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. சாலியேரி பக்கத்தைப் புரட்டப் புரட்ட ஒலிநாடாவில் இசை தாவித் தாவி மாறுகிறது, அவர் கண் போகும் வேகத்தில். கடைசியில் தாள்கள் கையிலிருந்து நழுவித் தரையில் சிதறுகின்றன. இசையைப் படிப்பவனின் முகத்தைக் காட்டிவிட்டு இசையை நம் காதில் விடுவது என்ற இந்த உத்தி, எழுதுபவனைக் காட்ட முடியாத சிக்கலை மொத்தமாக அவிழ்த்துவிடுகிறது. (மூலத்தாள்களில் மொசார்ட் திருத்தவே மாட்டார் என்பது அழகான மிகை. அவர் வரைவுகள் எழுதியிருக்கிறார், அவற்றில் பல கிடைத்தும் இருக்கின்றன.)

வெளியே அனுப்பப்பட்டவர்கள்

ஒரு திரைக்கதையின் அமைப்பை அறிய, உள்ளே இருப்பவர்களை எண்ணினால் போதாது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களையும் பார்க்க வேண்டும்.

முதலாவது ஹைடன். மொசார்ட்டின் நண்பர், அந்தக் காலத்தின் மாபெரும் இசையமைப்பாளர். 1785இல் மொசார்ட்டின் அப்பா லியோபோல்டிடம், தாம் அறிந்த இசையமைப்பாளர்களில் உங்கள் மகன்தான் பெரியவர் என்று கடவுள் சாட்சியாகச் சொன்னவர். லியோபோல்ட் அதை மகளுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்த ஹைடன் படத்தில் தலைகாட்டுவதே இல்லை. காட்டியிருந்தால் கதை உடனே நொறுங்கியிருக்கும். அந்த நகரத்தில் மொசார்ட்டின் அருமை தெரிந்த ஒரே காது தன் காதுதான் என்பதில்தான் சாலியேரியின் சாபம் முழுவதும் இருக்கிறது. இன்னொரு நல்ல காது, அதுவும் பொறாமைப்படாத காது, உள்ளே வந்துவிட்டால் சாலியேரியின் துயரம் சொந்தக் குணக்கேடாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது லொரென்ஸோ டா போன்டே. ‘ஃபிகாரோ’, ‘டான் ஜொவான்னி’ இரண்டுக்கும் பாட்டு வரிகள் எழுதியவர், சாலியேரிக்கும் எழுதிக் கொடுத்தவர். அவரையும் காணோம். மொசார்ட் தனியாக நின்று அரண்மனை அதிகாரிகளோடு மோத வேண்டும் என்பதால் துணை இருக்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், ‘ஃபிகாரோ’ ஒத்திகையில் நடனத்தின் இசையை அதிகாரி நீக்கிவிட, நடிகர்கள் இசையில்லாமல் மௌனமாக ஆடுவதைப் பேரரசர் பார்த்துத் திகைக்கும் காட்சி படத்தில் இருக்கிறதே, அது டா போன்டே தம் நினைவுக் குறிப்புகளில் சொன்ன சம்பவம். ஆளை வெளியே அனுப்பிவிட்டு அவர் கொண்டுவந்த சீர்வரிசையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

சாலியேரியின் சொந்தக் குடும்பமும் போயிற்று. உண்மைச் சாலியேரி 1775இல் திருமணம் செய்து எட்டுக் குழந்தைகள் பெற்றவர். எட்டுக் குழந்தைகளின் தகப்பன் கடவுளிடம் பிரம்மச்சரிய ஒப்பந்தம் பேச முடியாது, அதனால் மனைவி மக்கள் அனைவரும் ஒரே வெட்டில் காலி.

பிராகும் இல்லை. 1787 தொடக்கத்தில் ‘ஃபிகாரோ’வுக்காக அந்த நகரமே மொசார்ட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. படத்தின் தெருக்களும் அரங்கமும் பிராக், கதையில் மட்டும் பிராக் கிடையாது. கொண்டாட்டம் வந்தால் புறக்கணிப்பு என்ற நூல் அறுந்துவிடும்.

முகமூடியும் இரவல் வாங்கிய சதியும்

பின்பாதியின் முதுகெலும்பு அப்பா. லியோபோல்ட் வருகிறார், முகமூடி விருந்துக்கு மகனோடு போகிறார், கருப்பு அங்கியும் இரட்டை முகம் கொண்ட முகமூடியும் அணிகிறார். பின்னர் இறந்துபோகிறார். ‘டான் ஜொவான்னி’யில் கல்சிலை உயிர்பெற்று வந்து குற்றம் சாட்டும் காட்சியில், மொசார்ட் செத்த அப்பாவை மேடைக்கு எழுப்பியிருக்கிறார் என்று சாலியேரிக்கு மட்டும் புரிகிறது. புரிந்துகொண்டதையே ஆயுதமாக்குகிறார்: அதே முகமூடியை வாங்கி அணிந்து, இறந்தோருக்கான திருப்பலி இசை ஒன்று எழுதித் தரும்படி மொசார்ட்டின் கதவைத் தட்டுகிறார். எழுதி முடித்ததும் அவனைக் கொல்வது, அந்த இசையை அவனுடைய இறுதிச் சடங்கிலேயே தம்முடையது என்று அரங்கேற்றுவது, இதுதான் திட்டம்.

கலைஞனின் படைப்பை நுணுக்கமாகப் புரிந்துகொள்ளும் திறமையே அவனைக் கொல்லும் கருவியாகிறது. படத்தின் மிக நல்ல திருப்பம் இதுதான் என்பேன். விமர்சகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நெளிவது இயல்பே.

சதிக்கான சரக்கு முழுவதும் வரலாற்றிலிருந்து வந்தது, ஆள் மட்டும் மாறிவிட்டார். ‘ரெக்வியம்’ என்ற அந்த இசையை 1791இல் இடையாள் மூலம் ரகசியமாகக் கேட்டவர் வால்செக் என்ற பிரபு. அந்த ஆண்டு பிப்ரவரியில் இறந்த இளம் மனைவியின் நினைவுக்காக அதைத் தம்முடைய படைப்பாகவே அரங்கேற்ற எண்ணியிருந்தார். அடுத்தவர் இசையைத் தம் பெயரில் வாசிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அந்த அற்பத் திருட்டை எடுத்துச் சாலியேரியின் தலையில் கட்டியதும் அது காவியச் சதியாகிவிட்டது. முடிக்காமல் போன பகுதிகளை எழுதி நிறைவு செய்தவர் மொசார்ட்டோடு இருந்த ஸூஸ்மையர். அவர் வேலையும் படத்தில் சாலியேரிக்கே.

அந்த வேலைதான் உச்சக்கட்டக் காட்சி. மேடை நாடகத்தில் இது கிடையாது, படத்துக்காகப் புதிதாக எழுதினார்கள். படுக்கையில் மொசார்ட், காலடியில் தாளும் பேனாவுமாகச் சாலியேரி. மொசார்ட் ஒவ்வொரு பகுதியாகச் சொல்கிறார்: முதலில் ஆண் குரல்கள், பிறகு டிராம்போன், பிறகு தந்திக் கருவிகள் ஒரே ஸ்வரத் தொடரைத் திரும்பத் திரும்ப. சொல்லும் ஒவ்வொன்றும் தனியாக ஒலிக்கிறது. வேகம் கூடுகிறது. எனக்குப் புரியவில்லை என்று சாலியேரி கெஞ்சுகிறார். பிறகு சட்டென்று புரிந்து அவர் முகத்தில் பரவுகிற சந்தோஷத்தை வேறெந்தக் காட்சியிலும் பார்க்க முடியாது. அந்தச் சில நிமிடங்கள் அவர் கொலைகாரரும் இல்லை, பொறாமைக்காரரும் இல்லை, வேலை தெரிந்த ஒரு எழுத்தர். எல்லாம் சேர்ந்து முழுமையாக ஒலிக்கும்போது படம் வெளியே தாவுகிறது: பிரிந்து போயிருந்த கான்ஸ்டான்ஸே வண்டியில் விரைந்து திரும்பிக்கொண்டிருக்கிறாள். இசையின் வேகமே குதிரைகளின் வேகமாகிறது.

நாயகனும் எதிரியும் கடைசிச் சண்டையில் சேர்ந்து வேலை செய்கிறார்கள். மொசார்ட் இவரிடம் மன்னிப்பும் கேட்கிறார், உங்களுக்கு என் இசை பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன் என்கிறார். சதி இப்படித்தான் தோற்கிறது. கொல்ல வந்தவனுக்குத் தான் விரும்பியது கிடைத்துவிடுகிறது, ஒரே ஓர் இரவுக்கு. விடிந்ததும் கான்ஸ்டான்ஸே தாள்களைப் பூட்டிவைக்கிறாள், மொசார்ட் இறந்துவிடுகிறார். தன் பிரியமானவனைக் கடவுளே கொன்றார், தன் புகழில் துளிகூட எனக்குத் தராமல் இருக்க, என்று கிழவர் புலம்புகிறார்.

அடுத்து மழையில் சவ ஊர்வலம், பின்னணியில் அதே ‘ரெக்வியம்’ இசையின் ‘லாக்ரிமோஸா’ என்ற பகுதி. மொசார்ட் கைப்பட எழுதியது அதில் முதல் எட்டுத் தாளக் கட்டங்கள் மட்டுமே, மீதி ஸூஸ்மையருடையது. கதையிலிருந்து துரத்தப்பட்ட மனிதர் சாவு ஊர்வலத்தில் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொள்கிறார்.

இருபது நிமிட நீட்டிப்பு

2002இல் 180 நிமிட இயக்குநர் வடிவம் வந்தது. கணவனுக்குச் சிபாரிசு கேட்டு வந்த கான்ஸ்டான்ஸேயிடம் சாலியேரி கூலியாக அவளையே கேட்கிறார். அவள் இரவில் வந்து ஆடையைக் களைந்ததும் வேலைக்காரனைக் கூப்பிட்டு அவமானப்படுத்தி அனுப்புகிறார். முந்தைய வடிவத்தில், இறுதிக் காட்சியில் அவள் சாலியேரியைக் கண்டதும் அப்படிச் சீறுவதற்குக் காரணம் தெரியாமல் ஓர் ஓட்டை இருந்தது. இப்போது அடைபட்டுவிட்டது.

எனக்கு அந்த ஓட்டையே மேல் என்று தோன்றுகிறது. கடவுளோடு சண்டையிட்டவர் ஒரு பெண்ணை மிரட்டும் சில்லறை ஆளாகிவிடுகிறார். அதுவரை அவர்மேல் நமக்கிருந்த கூசிக் கூசி ஒட்டிக்கொண்ட பரிவு அங்கேயே அறுந்துபோகிறது. காரண காரியம் சரியாகப் பொருந்துவது திரைக்கதைக்கு நல்லதுதான். ஆனால் பாத்திரத்தின் எடையை விற்று அந்தப் பொருத்தத்தை வாங்கக் கூடாது.

பொய்க்கு யார் பொறுப்பு

இசைக்கலைஞர் படங்கள் எல்லாமே தேதிகளை இழுத்துப் போட்டவைதான். ‘குவீன்’ என்ற ராக் இசைக்குழுவையும் அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியையும் பற்றி 2018இல் வந்த ‘பொஹீமியன் ராப்ஸடி’யை எடுத்துக்கொள்வோம். 1985 ஜூலை 13இல் நடந்த ‘லைவ் எய்ட்’ நிதி திரட்டும் இசை நிகழ்ச்சியின் மேடையை உச்சக்கட்டமாக வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டதால், ஃப்ரெடி மெர்க்குரி தமக்கு எய்ட்ஸ் என்று சக கலைஞர்களிடம் சொல்வதை அந்த நிகழ்ச்சிக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். அவருக்கு அது உறுதியானது அதற்குப் பின்னர்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. குழு பிரிந்து பல காலம் சேர்ந்து வாசிக்கவில்லை என்றும் படம் காட்டுகிறது. உண்மையில் அவர்கள் 1984இல் இசைத்தொகுப்பு வெளியிட்டு, ‘லைவ் எய்ட்’டுக்கு இரண்டு மாதம் முன்புவரை சுற்றுப்பயணத்தில் இருந்தவர்கள். மீட்சி வேண்டுமென்றால் முதலில் வீழ்ச்சி வேண்டுமல்லவா, அதனால் வீழ்ச்சியைத் தயாரித்தார்கள். பழகிய தடம் உண்மையைக் கேட்டுவிட்டு வளைவதில்லை, உண்மையைத்தான் வளைக்கும்.

‘அமேடியஸ்’ஸும் வளைத்தது, இன்னும் கொடூரமாகவே. ஆனால் அங்கே பொய் சொல்வது காமிரா அல்ல, விடுதியில் அடைபட்டு, கழுத்தில் கட்டோடு, முப்பது ஆண்டு வஞ்சத்தைச் சுமந்த ஒரு கிழவர். நம்புவதும் நம்பாததும் நம் பொறுப்பு என்று படம் கைகழுவிக்கொள்கிறது. ரசிகர்கள் பலர் இந்த வாதத்தை முழுதாக ஏற்கிறார்கள். எனக்கு அரைமனதுதான். மொசார்ட் பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தை உருட்டியபடி எழுதுவதைச் சாலியேரி எங்கே பார்த்தார்? மாமியாரின் கத்தல் அப்படியே ‘மாயக் குழல்’ ஆப்பராவில் வரும் இரவு ராணியின் பாட்டாக மாறுகிற அந்த அருமையான வெட்டு யாருடைய நினைவு? வேவு பார்க்க ஒரு வேலைக்காரியைச் சாலியேரி அனுப்புவதாக வைத்து இந்தப் பொத்தலுக்கு ஓர் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒட்டு சிறியது, பொத்தல் பெரியது. கிழவரின் வாக்குமூலம் என்ற குடைக்குள் நிற்காத காட்சிகள் ஏராளம், அவற்றுக்குப் படமேதான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வாக்குமூலமே தலைகீழாக்கப்பட்ட ஒன்று. 1823 அக்டோபரில், நோயுற்று மருத்துவமனையில் கிடந்த சாலியேரியைப் பார்க்க ஒருவர் உண்மையிலேயே வந்தார்: அவருடைய பழைய மாணவர், பியானோ கலைஞர் மோஷெலெஸ். ஊர் பேசும் விஷக் கதையில் உண்மை இல்லை என்று கிழவர் அவரிடம் மறுத்தார். படம் அந்த அறையை எடுத்துக்கொண்டது, பார்க்க வந்தவரை எடுத்துக்கொண்டது, சொன்னதை மட்டும் திருப்பிப் போட்டது.

இன்னொரு காட்சியும் இப்படித்தான் திரும்பியிருக்கிறது. படத்தில் ‘மாயக் குழல்’ நடந்துகொண்டிருக்கும்போது மொசார்ட் மயங்கி விழுகிறார். பார்வையாளராக வந்திருந்த சாலியேரி தம் வண்டியில் ஏற்றி அவரை வீட்டுக்குக் கொண்டுபோகிறார், மரணப் படுக்கை அங்கிருந்து தொடங்குகிறது. 1791 அக்டோபர் 14இல் மொசார்ட் ஊரில் இல்லாத மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய கடைசிக் கடிதம் அதுதான். முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குத் தாமே வண்டியில் போய்ச் சாலியேரியையும் பாடகி கவலியேரியையும் அழைத்துக்கொண்டு ‘மாயக் குழல்’ பார்க்கப் போனதாகவும், சாலியேரி முழுக் கவனத்தோடு உட்கார்ந்து, தொடக்க இசையிலிருந்து கடைசிக் கூட்டுப்பாட்டு வரை ஒவ்வொன்றுக்கும் சபாஷ் சொன்னதாகவும் அதில் எழுதியிருக்கிறார்.